ஒன்பது 'ஏ'வில் கை தூக்கும் வழக்கம்

வரலாறு சொல்லிக்கொடுக்கிறவர் தலையில் இங்கிலீஷ் வகுப்பைக் கட்டினால் என்ன ஆகும்? மாசிலாமணி சாருக்கு ஆனதுதான் ஆகும்.

ஆள் நல்ல உயரம். குரல் அதைவிட உயரம். அவர் பானிப்பட்டுப் போரை நடத்தினால் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் தங்கள் கணக்கைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு இவரைத்தான் கேட்டுக்கொண்டிருக்கும். ஆனால் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைந்துபோயின. வரலாற்றுக்கு இனி ஒரு ஆசிரியர் போதும் என்று முடிவாயிற்று. இருந்த இருவரில் மாசிலாமணிதான் ஜூனியர். தாளாளர் அவரைக் கூப்பிட்டுவிட்டார்.

"ஒன்பது பி-க்கு இங்கிலீஷ் எடுக்க ஆள் இல்ல சார். நீங்க எடுக்கீங்களா? இல்லன்னா மலை மேல நம்ம இன்னொரு ஸ்கூல் இருக்கு. அங்க ஹிஸ்டரி போஸ்ட் காலியாத்தான் கிடக்கு."

மலை மேல் என்றால் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை இறங்கி வந்து வீட்டைப் பார்க்கலாம், அதுவும் மழை இல்லாவிட்டால். வீட்டில் மனைவி சரோஜா முட்டி ஆபரேஷன் ஆகியும் சரியாகாமல், வாக்கரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடக்கிறார். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. மாசிலாமணி யோசிக்கவே இல்லை.

"இங்கிலீஷ்தானே? எடுத்துட்டாப் போச்சு" என்றார்.

"நல்லது. தை மாசம் இன்ஸ்பெக்ஷன் வருது. அதுல பாத்துட்டு நிரந்தரமாக்கிரலாம். சொதப்பினா மட்டும் மலைதான், சொல்லிட்டேன்."

வெளியே வந்த பிறகுதான் தனக்கு எவ்வளவு இங்கிலீஷ் தெரியும் என்று எண்ணிப் பார்த்தார். இங்கிலீஷ் பேப்பரை அவர் வாசிப்பார், தலைப்பு வரைக்கும். கிராமர் என்பது கல்லூரியோடு முடிந்துபோன கதை. காமாவை எங்கே வைப்பது என்று யாராவது கேட்டால் பேச்சை அக்பரிடம் திருப்பிவிடுவது அவர் வழக்கம்.

ஒன்பது ஏ-வுக்கு ஜெசிந்தா டீச்சர் இங்கிலீஷ் எடுத்தார். மாசிலாமணியைவிட வயதில் நன்றாகவே இளையவர். ஆளும் சின்னது, குரலும் சின்னது. ஆனால் அவர் வகுப்புப் பிள்ளைகள் இங்கிலீஷைக் கண்டு மிரளாது. தப்போ சரியோ, பக்கம் பக்கமாக எழுதித் தள்ளும். அந்த வித்தை என்னவென்று தெரிந்துகொண்டால் போதும், மலையிலிருந்து தப்பித்துவிடலாம் என்று மாசிலாமணிக்குத் தோன்றியது.

"டீச்சர், நீங்க கிளாஸ் எடுக்கும்போது பின்னாடி உக்காந்துக்கட்டுமா?"

"தாராளமா உக்காருங்க சார். கடைசி பெஞ்சு காலியாத்தான் கிடக்கு."

"சும்மா, உங்க மெத்தடைப் பாக்கத்தான். கிராமரெல்லாம் நமக்குத் தெரிஞ்சதுதானே."

ஜெசிந்தா அவர் முகத்தை ஒரு கணம் பார்த்தார். "வாங்க சார்" என்றார்.

ஸ்டாஃப் ரூமில் கேலிக்குக் கேட்கவா வேண்டும். "மாசிலாமணி குருகுலவாசம் போறாருப்பா, டிபன் பாக்ஸை மறந்திராதீங்க" என்று தமிழய்யா ஆரம்பித்து வைத்தார். மாசிலாமணியும் சிரித்துக்கொண்டே போய்க் கடைசி பெஞ்சில் காலை மடக்கி உட்கார்ந்தார். பெஞ்சு அவருக்குப் பாதிதான் காணும்.

அன்றைக்கு ஜெசிந்தா போர்டில் ஒரு பத்தியை எழுதிப்போட்டார். ஒரு புள்ளி கிடையாது, ஒரு காமா கிடையாது. எழுதியதை மூச்சு விடாமல் ஒரே இழுப்பில் வாசித்தார். முடிப்பதற்குள் முகம் சிவந்து இருமல் வந்துவிட்டது. வகுப்பே சிரித்தது.

"சரி, எங்கெங்க நிறுத்தணும்? ம்?"

பாதி வகுப்பு கையைத் தூக்கியது.

அடேயப்பா, என்று நினைத்துக்கொண்டார் மாசிலாமணி. நம்ம கிளாஸ்ல கேள்வி கேட்டா ஃபேன் சத்தம்தான் கேக்கும். இங்க என்னடான்னா பாதிப் பிள்ளை கிராமர்ப் புலியா இருக்கு!

ஜெசிந்தா முதல் வரிசைக்கு வந்தார். பாக்கியசெல்வி என்ற பெண் உயர்த்திய கையை இறக்காமல் எழுந்தாள்.

"தெரியல டீச்சர்" என்றாள்.

"சரி. எதுவரைக்கும் தெரியும்?"

"மொத ஃபுல் ஸ்டாப் எங்கன்னு தெரியுது. அதுக்குப் பொறவு எல்லாம் குழம்புது."

"நகர்ந்து உக்காரு" என்று ஜெசிந்தா அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். பிறகு அடுத்த கை. அந்தப் பையனுக்கும் தெரியவில்லை. அதற்கடுத்த கைக்கும் தெரியவில்லை. கை தூக்காத பிள்ளைகள் தலையைக் குனிந்து தங்கள் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருந்தன.

மாசிலாமணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. மணி அடித்ததும் வராந்தாவில் ஜெசிந்தாவைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன டீச்சர் இது, ஊர்ல இல்லாத வழக்கமா இருக்கு? தெரியாத பிள்ளைங்கல்லா கை தூக்குது!"

"ஆமா சார்."

"தெரிஞ்சவன்தானே தூக்கணும்?"

"தெரிஞ்சவன் தூக்கினா நான் அவன்கிட்ட போய் என்ன சார் செய்ய?"

மாசிலாமணி தலையை ஆட்டினார். மெத்தடு கிடைத்துவிட்டது என்றுகூட நினைத்தார். ஆனால் அதைத் தன் வகுப்பில் செய்து பார்க்கவில்லை. கை தூக்குகிறவனிடம் போய் உட்கார்ந்தால் சொல்லிக்கொடுக்க வேண்டுமே.

நாள் ஓடியது. ஃப்ரீ பீரியட் வந்தால் கடைசி பெஞ்சுக்குப் போய்விடுவார். காதில் விழுந்ததில் பாதியைப் பிடித்துக்கொண்டு வந்து ஒன்பது பி-யில் போர்க்களக் குரலில் சொல்வார். பிடிபட்டது கொஞ்சம், பிடிபடாதது நிறைய. சின்னச் சின்ன வாக்கியங்களை எப்படிச் சேர்ப்பது, ஒரே மாதிரி எழுதாமல் ஒன்றைக் குட்டையாக, ஒன்றை நீளமாக, ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி எப்படி எழுதுவது என்று ஜெசிந்தா ஒரு வாரம் முழுக்க நடத்தினார். அங்கேதான் மாசிலாமணிக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி ஆகிவிட்டது. எல்லா இடத்திலும் நடுவில் ஒரு 'அண்டு' போட்டால் சேர்ந்துவிடும் என்று தனக்குத்தானே ஒரு முடிவுக்கு வந்தார்.

அந்த வாரத்தில் ஒரு நாள், "யாருக்குப் புரியல?" என்று கேட்ட ஜெசிந்தாவின் பார்வை, தூக்கிய கைகளை எல்லாம் தாண்டிக் கடைசி பெஞ்சு வரைக்கும் வந்து நின்றது. மாசிலாமணி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ம், பிரமாதமாப் போகுது. நடத்துங்க டீச்சர்" என்றார்.

ஜெசிந்தா நடத்தினார்.

தை பிறந்தது. இன்ஸ்பெக்ஷன் தேதியும் வந்துவிட்டது. மாசிலாமணிக்குச் சோறு இறங்கவில்லை. அவர் முழிக்கிற முழியைப் பார்த்து இரக்கப்பட்டுத் தமிழய்யா தன் பெஞ்சில் இடம் கொடுத்தார்.

"இதுக்கா இந்தப் பாடு? நம்ம பழைய வைத்தியம் இருக்கே. கேள்வி கேட்டதும் எல்லாப் பயலும் கையைத் தூக்கணும். தெரிஞ்சவன் வலது கை, தெரியாதவன் இடது கை. நீரு வலது கையாப் பாத்து எழுப்பிவிடும். வந்த ஆபீஸர் அசந்துபோய் டீயைக் குடிச்சிட்டுப் போயிருவாரு."

மாசிலாமணிக்கு உயிர் வந்தது. அன்றைக்கே ஒன்பது பி-யில் கதவைச் சாத்திக்கொண்டு ஒத்திகை நடந்தது. வலது, இடது, வலது, இடது. கூச்சல் தாங்கவில்லை. நடுவில் இசக்கிராஜா என்ற பையனுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"சார், பாதி தெரிஞ்சா எந்தக் கை?"

"பாதி தெரிஞ்சாத் தெரியாதுன்னுதாம்ல அர்த்தம். இடதைத் தூக்கு."

சாயங்காலம் ஜெசிந்தாவைப் பார்த்ததும் அவருக்காகவும் மாசிலாமணிக்குக் கவலை வந்துவிட்டது. நல்ல மனுஷன்தான், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"டீச்சர், உங்க பிள்ளைங்க வழக்கம்போலக் கையைத் தூக்கிட்டு, எழுப்பினதும் தெரியலன்னு சொன்னா மானம் போயிருமே. அந்த ஒரு நாளைக்கு மட்டும் மாத்திச் சொல்லிருங்களேன்."

"ஒரு நாளைக்கு மாத்தினா, மறுநாள் எந்தப் பிள்ளை சார் எனக்குக் கையைத் தூக்கும்?"

"அதுக்காக?"

ஜெசிந்தா சிரித்தார். பிழைக்கத் தெரியாத பிள்ளை என்று மாசிலாமணி வருத்தத்தோடு சைக்கிளை எடுத்தார்.

இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தது ஒரு அம்மா. கண்ணாடி போட்டு, அமைதியாக இருந்தார். வரும்போதே தாமதம். இன்னொரு பள்ளிக்கும் போக வேண்டுமாம்.

"ஒன்பதாம் வகுப்பு ரெண்டு செக்ஷனையும் ஹால்ல ஒண்ணா உக்கார வைங்க. சேர்த்தே பாத்துடுறேன்."

ஏ இடது பக்கம், பி வலது பக்கம். தாளாளர் நாற்காலியில் உட்கார்ந்தார். மாசிலாமணி ஒரு சுவரோரம், ஜெசிந்தா எதிர்ச் சுவரோரம். அதிகாரி அம்மா போர்டில் மூன்று சின்ன வாக்கியங்களை இங்கிலீஷில் எழுதினார். மழை பெய்தது. பஸ் வரவில்லை. மீனா நடந்தே வீட்டுக்குப் போனாள். இவ்வளவுதான்.

"இந்த மூணையும் சேர்த்து, ரெண்டு மூணு விதமா எழுதணும். யார் யாரு..."

கேட்டு முடிக்கவில்லை. ஒன்பது பி மொத்தமும் கையைத் தூக்கியது. ஒன்பது ஏ-யிலும் கைகள் எழுந்தன. ஹால் முழுக்கக் கையாக இருந்தது. தாளாளருக்குப் பெருமையில் மீசை துடித்தது.

"பரவாயில்லையே!" என்றார் அதிகாரி அம்மா.

மாசிலாமணி சட்டென்று முன்னால் வந்தார். "நான் எழுப்பட்டுமா மேடம்?"

"நீங்க இருங்க சார். நானே கேக்குறேன்."

அவர் விரல் நேராக இசக்கிராஜாவிடம் போயிற்று. அவன் தூக்கியிருந்தது இடது கை. எழுந்து நின்றான். அந்தக் கையை யாருடையதோ என்பதுபோல ஒரு பார்வை பார்த்தான். வாயே திறக்கவில்லை. பக்கத்துப் பெண்ணும் அப்படித்தான். அதிகாரி அம்மா ஏ பக்கம் திரும்பிப் பாக்கியசெல்வியை எழுப்பினார்.

"தெரியல மேடம்" என்றாள் பாக்கியசெல்வி, பளிச்சென்று. "ரெண்டைச் சேர்க்கத் தெரியும். மூணாவதை எங்க வைக்கணும்னு தெரியல."

"விளையாடுறீங்களா? தெரியாதுன்னா எதுக்குக் கையைத் தூக்குறே?"

"தெரியாததுக்குத்தான் மேடம் தூக்குவோம். தூக்கினா டீச்சர் வருவாங்க."

அதிகாரி அம்மா ஜெசிந்தாவைப் பார்த்தார்.

"ஆமா மேடம். எங்க கிளாஸ்ல அதுதான் வழக்கம்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார் அந்த அம்மா. இன்னும் நின்றுகொண்டிருந்த இசக்கிராஜாவிடம் கேட்டார்.

"நீயும் அதுக்குத்தான் தூக்கினியா?"

இசக்கிராஜா மாசிலாமணியைப் பார்த்தான். உண்மையைச் சொல்லவா வேண்டாமா என்று அவன் கண்ணே கேட்டது. மாசிலாமணிக்கு அந்த நொடியில்தான் கடவுளாகப் பார்த்துத் திறந்துவிட்ட மாதிரி ஒரு வழி தெரிந்தது.

"ஆமா மேடம்!" என்றார் உரக்க. "எங்க கிளாஸ்லயும் அதே வழக்கம்தான். தெரியாதவங்கதான் தூக்குவாங்க."

இசக்கிராஜா வாயைப் பிளந்தான். தமிழய்யா வாசலில் நின்று வியர்வையைத் துடைத்தார்.

"நல்ல வழக்கம்" என்று அதிகாரி அம்மா முதன்முறையாகச் சிரித்தார். "தூக்கிட்டாங்க. இப்போ நீங்க சொல்லிக்கொடுங்க சார். நான் பாக்குறேன்."

சாக்பீஸ் மாசிலாமணியின் கைக்கு வந்துவிட்டது.

அவர் போர்டுக்குப் போனார். மூன்று வாக்கியத்துக்கும் நடுவில் இரண்டு 'அண்டு' போட்டு எழுதினார். எழுத்து மணி மணியாக இருந்தது.

"சரி, அது ஒரு விதம். இன்னொரு விதம்?"

இன்னொரு விதம். 'பிகாஸ்' என்ற சொல் ஞாபகத்துக்கு வந்தது. ஜெசிந்தா அதை வைத்து என்னென்னவோ செய்தாரே! மாசிலாமணி அதைத் தூக்கி முன்னால் போட்டு, பஸ்ஸை அதன் பக்கத்தில் நிறுத்தி, மழையைக் கடைசியில் பெய்ய வைத்தார். காமா எங்காவது வர வேண்டும் என்று ஓரமாக ஒன்றையும் வைத்தார்.

பாக்கியசெல்வியின் கை எழுந்தது.

"என்னம்மா?"

"பஸ் வராததுனாலயா சார் மழை பெஞ்சுது?"

அவள் கேலி செய்யவில்லை. அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. பின்னால் இன்னொரு கை எழுந்தது. அப்புறம் ஒன்று, அப்புறம் நாலைந்து. ஒன்பது ஏ-யில் கை தூக்காமல் இருந்த பிள்ளைகள்கூட இப்போது தூக்கின. மெல்ல பி பக்கமும் கைகள் எழுந்தன. இடதா வலதா என்று யாரும் யோசிக்கவில்லை. இசக்கிராஜா எந்தக் கை கிடைத்ததோ அதைத் தூக்கினான்.

"கையை எறக்குங்கல!" என்று போர்க்களக் குரலில் ஒரு அதட்டு அதட்டினார் மாசிலாமணி.

ஒரு கையும் இறங்கவில்லை. தூக்கினால் யாராவது வந்து சொல்லிக்கொடுப்பார்கள் என்று காத்துக்கொண்டிருந்தன அத்தனையும். மாசிலாமணி அவற்றைப் பார்த்தார். தான் எழுதியதைத் திரும்பிப் பார்த்தார். சாக்பீஸை மேஜை மேல் வைத்தார்.

"எனக்கே தெரியலம்மா" என்றார், பாக்கியசெல்வியிடம். குரல் முதல் வரிசையைத் தாண்டவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டுவிட்டது.

அதிகாரி அம்மா ஜெசிந்தாவைக் கூப்பிட்டார். ஜெசிந்தா வந்தார். இரண்டு செக்ஷன் பிள்ளைகளுக்கும் சேர்த்து நிதானமாக நடத்தினார். எது முந்தி நடந்தது, எதனால் எது நடந்தது, இதில் மீனாவை முதலில் சொன்னால் என்ன ஆகும், மழையை முதலில் சொன்னால் என்ன ஆகும். மாசிலாமணி எங்கே போவதென்று தெரியாமல் போர்டு பக்கத்திலேயே நின்று கேட்டார். கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. அட, இவ்வளவுதானா, என்று அவருக்குப் பொறி தட்டியபோது, அந்த அம்மா டீ குடிக்கப் போய்விட்டிருந்தார்.

தாளாளர் சத்தம் போடவில்லை. அதுதான் வேதனை. "கோடை லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் தொறக்கும்போது மலைக்குக் கிளம்பிருங்க சார்" என்று மட்டும் சொன்னார்.

வீட்டில் சொன்னபோது சரோஜா வாக்கரைத் தள்ளிக்கொண்டு ஹாலுக்கு வந்தார். "அங்க குளிருமே. ஸ்வெட்டர் ஒண்ணு வாங்கிக்கிடுங்க" என்றார். மாசிலாமணி வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். அழுகை வந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவர் கடைசி பெஞ்சுக்குப் போகவில்லை. ஜெசிந்தாவிடம் பேசவும் இல்லை. எதிரே வந்தால் நோட்டீஸ் போர்டைப் பார்ப்பார். பரீட்சை எல்லாம் முடிந்து, பள்ளிக்கூடம் சாத்துகிற அன்றைக்கு அவருக்குப் பொறுக்கவில்லை. ஒன்பது ஏ-யில் ஜெசிந்தா மட்டும் தனியாக நின்று போர்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாசிலாமணி வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும் டீச்சர்."

"கேளுங்க சார்."

"எனக்குக் கிராமர் தெரியாதுன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"நீங்க வந்து உக்காந்த மொத வாரமே தெரியும் சார்."

"தெரிஞ்சுமா சொல்லல?" குரல் பழைய உயரத்துக்கு ஏறிவிட்டது. "தனியாக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா? அன்னைக்குப் போர்டு பக்கத்துல நின்னு கேட்டேனே, உடனே புரிஞ்சுதே! அவ்வளவு சின்ன விஷயம். அதைச் சொல்ல உங்களுக்கு மனசு வரல. இப்ப நான் மலைக்குப் போறேன். அவ இங்க வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு நான் இல்லாமக் கிடக்கப்போறா. நீங்க நல்லா இருங்க டீச்சர்."

ஜெசிந்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கவில்லை. கையிலிருந்த டஸ்டரை மேஜை மேல் வைத்தார்.

"நானா வந்து, உங்களுக்கு இது தெரியலையா சார்னு கேட்டிருந்தா, நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?"

மாசிலாமணி வாயைத் திறந்தார். என்ன சொல்லியிருப்பார் என்று அவருக்கு நன்றாகவே தெரியும்.

திறந்த வாயை மூடிக்கொண்டு, அடைத்திருந்த வாசலை விட்டு விலகி வழி விட்டார்.